தட்டில் அடங்கிய வைரஸ் உடம்பில் அடங்குமா?

ஐப்பசி மழை இறங்கியதும் செட்டிநாட்டில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுப்பதும், அடுப்பில் கசாயம் கொதிப்பதும் வழக்கம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மூலிகையும் வைரஸும்தான். ஆய்வகத்தில் செல் வளர்ப்பிலேயே பல வருடம் கழித்தவன் என்பதால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: நிலவேம்புச் சாறு டெங்கு வைரஸை ஆய்வகத்தில் அழித்துவிட்டது என்று பேரன் போனில் ஒரு செய்தி காட்டினான். அப்படியென்றால் வீட்டில் எல்லோரும் தினமும் காய்ச்சிக் குடித்தால் டெங்கு வராதுதானே?
– ஒரு ஆச்சி, தேவகோட்டை

ஆச்சி, பேரன் காட்டிய செய்தி பொய் என்று சொல்லமாட்டேன். நிலவேம்பில் இருக்கும் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற கசப்புப் பொருள், ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களுக்குள் டெங்கு வைரஸ் பெருகுவதைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் அங்கிருந்து "குடித்தால் வராது" என்ற இடத்துக்கு வந்து சேர நடுவில் எத்தனையோ படி ஏற வேண்டியிருக்கிறது, செய்தி அதையெல்லாம் ஒரே தாவாகத் தாவிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஏதோ ஒரு சாறு, ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம் இருந்தால் வைரஸை அடக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனை நடக்கும் தட்டில் 96 குழி இருக்கும், ஒரு குழிக்குள் இருக்கும் திரவம் 0.1 மில்லி, அதாவது இரண்டே சொட்டு. நம் உடம்பில் ரத்தம் மட்டும் சுமார் 5 லிட்டர், உடம்பில் உள்ள மொத்த நீரையும் சேர்த்தால் 40 லிட்டர் பக்கம் வரும். அந்த 40 லிட்டரிலும் அதே அடர்த்தி வர வேண்டுமானால் 4 கிராம் சாறு வேண்டும். இலை இல்லை ஆச்சி, இலையை ஊறவைத்து வடித்து வற்றவைத்த சாறு. அதுவும் முழுவதும் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போய், ஈரல் அதில் கைவைக்காமல் இருக்க வேண்டும். ஈரலின் வேலையே கைவைப்பதுதான், அதிலும் ஆண்ட்ரோகிராஃபோலைடு குடலில் சரியாக ஏறாத, ஏறியதும் சீக்கிரம் உருமாறிப்போகிற பொருள்.

2012ல் டெங்கு பரவியபோது தமிழக அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது, நீங்களும் வாங்கிக் குடித்திருப்பீர்கள். சித்த மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாளைக்குக் குடிப்பதை நான் தடுக்கவில்லை. வருடம் முழுக்கக் காப்புக்கட்டியதுபோலக் குடித்துவிட்டு, கிணற்றடியில் தேங்கிய தண்ணீரையும் மாடியில் கிடக்கும் தேங்காய்த் தொட்டியையும் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் எனக்குப் பயம். அப்புறம் ஒன்று, காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று ஏதாவது தெரிந்தால் கசாயத்தை நம்பி ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நாள்.

கேள்வி: எம்.எஸ்சி. ஆய்வுக்காக ஒரு செடியின் மெத்தனால் சாற்றை ஹெர்பிஸ் வைரஸ் மேல் சோதித்தேன். ஐ.சி.50 ஒரு மில்லிக்கு 45 மைக்ரோகிராம் வந்தது. எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்களும் கொஞ்சம் வாடினாற்போல இருக்கின்றன. இது சரியான பலன்தானா?
– ஒரு மாணவி, காரைக்குடி

அந்த வாட்டத்தைக் கவனித்தீர்களே, அதற்காகத்தான் உங்களை முதலில் பாராட்ட வேண்டும். அதைப் பார்த்தும் பார்க்காததுபோல எழுதி அச்சில் வந்த கட்டுரைகள் ஏராளம்.

மற்ற வாசகர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் இந்தச் சோதனையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். குழியின் அடியில் செல்கள் ஒற்றை அடுக்காகப் பரவி ஒட்டிக்கொண்டிருக்கும், நம் வீட்டுப் பட்டாசாலையில் ஆத்தங்குடிக் கல் விளிம்போடு விளிம்பு சேர்ந்து கிடப்பதுபோல, இடைவெளி இல்லாமல். அதன்மேல் எண்ணி நீர்த்த வைரஸை விட்டு ஒரு மணி நேரம் ஒட்டவிட்டு, அப்புறம் அகர் மாதிரிக் கெட்டியான ஒன்றை ஊற்றி மூடிவிடுவோம். வைரஸ் நீந்திப் போக முடியாது, பக்கத்துச் செல்லுக்கு மட்டும்தான் தாவ முடியும். 37 டிகிரியில், கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதத்தில், ஹெர்பிஸ் என்றால் இரண்டு மூன்று நாள், டெங்கு என்றால் ஒரு வாரம்கூட வைத்திருந்து, கடைசியில் கிரிஸ்டல் வயலெட் சாயம் ஊற்றிக் கழுவினால், உயிரோடு இருந்த செல்கள் எல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் நிற்கும், வைரஸ் தின்ற இடம் மட்டும் பொட்டுப் பொட்டாக வெளுத்துத் தெரியும். அந்தப் பொட்டுதான் பிளேக். ஒரு பொட்டு, தொடக்கத்தில் ஒட்டிய ஒரு வைரஸின் கணக்கு. விலங்கு வைரஸ்களுக்கு இந்த முறையை 1952ல் கொண்டுவந்தவர் ரெனாட்டோ டல்பெக்கோ. இன்றும் இதை நாங்கள் குழிக்கு மேல் வெளிச்சம் பிடித்து, பேனாவால் புள்ளி வைத்து, கையால்தான் எண்ணுகிறோம்.

சாறு சேர்த்த குழியில் பொட்டு பாதியாகக் குறைந்தால் அந்த அளவுதான் ஐ.சி.50. உங்களுக்கு 45. சரி. ஆனால் வைரஸ் தனியாக வாழாது, செல்லுக்குள்தான் பெருகும். செல்லே நலிந்து கிடந்தால் வைரஸும் பெருகாது, அதை மருந்தின் பலன் என்று எழுதினால் குடித்தனக்காரரோடு சேர்த்து வீட்டையே இடித்த கதை. அதனால் வைரஸ் இல்லாமல், சாறு மட்டும் விட்டு, பாதிச் செல்கள் எந்த அளவில் சாகின்றன என்று தனியாகப் பாருங்கள், அது சி.சி.50. இரண்டையும் வகுத்தால் வருவதுதான் தேர்வுக் குறியீடு. உங்கள் சாற்றின் சி.சி.50 ஒரு 60 என்று வந்தால், 60ஐ 45ஆல் வகுக்க 1.3. அது வெறும் விஷம். 450 வந்தால் 10, அப்போது மேலே போகலாம். பொதுவாக 10க்குக் கீழே இருந்தால் நான் உற்சாகப்பட மாட்டேன்.

சி.சி.50க்கு எம்.டி.டி. சோதனைதான் செய்திருப்பீர்கள். மஞ்சள் நிற எம்.டி.டி.யை உயிருள்ள செல் ஊதா நிறமாக மாற்றும், ஊதா கூடினால் உயிர் கூட என்று அர்த்தம். இதில் செடிச்சாறு ஒரு குறும்பு செய்யும். சாற்றில் இருக்கும் பாலிஃபீனால்கள், செல்லே இல்லாமல் தாங்களாகவே எம்.டி.டி.யை ஊதாவாக்கிவிடும். செத்த செல் உயிரோடு இருப்பதாகக் காட்டும். செல் போடாத வெறும் குழியில் சாற்றையும் எம்.டி.டி.யையும் மட்டும் விட்டுப் பாருங்கள், நிறம் ஏறினால் உங்கள் சி.சி.50 நம்பத்தகாது. சாற்றை நன்றாகக் கழுவி எடுத்துவிட்டு எம்.டி.டி. விட வேண்டும், அல்லது வேறு முறைக்கு மாற வேண்டும்.

அப்புறம் சாற்றை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்திருந்தால், அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. மட்டும் விட்ட குழி ஒன்று கட்டாயம் வேண்டும். கடைசி அளவு 0.5 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெர்பிஸ் என்பதால் அதற்கு ஏற்கெனவே உள்ள மருந்தான அசைக்ளோவிர் போட்ட குழியும் அதே தட்டில் இருக்கட்டும். அது வேலை செய்யாத நாளில் உங்கள் சாறு வேலை செய்தது என்று யாரும் நம்பக்கூடாது. இதெல்லாம் முடித்து மூன்று தனித்தனி நாளில், மூன்று முறை புதிதாகச் செய்து வந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கேள்வி: மனுஷனுக்கு மருந்து தேடும் ஆய்வகத்தில் ஏன் குரங்கின் கிட்னிச் செல்?
– பிளஸ் ஒன் மாணவன், கோட்டையூர்

நல்ல கேள்வி தம்பி. 1962ல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யாசுமுரா, கவாகிடா என்ற இருவர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்கள்தான் வீரோ செல்கள். எஸ்பெராண்டோ மொழியில் பச்சைச் சிறுநீரகம் என்பதற்கான 'வெர்டா ரெனோ'வைச் சுருக்கி வைத்த பெயர், அந்த மொழியில் 'வெரோ' என்றாலே உண்மை என்றும் பொருள். அன்றைக்கு எடுத்த செல்களின் வாரிசுகள்தான் இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. வைரஸ் உள்ளே வந்தால் நம் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் பொருளைச் சுரக்கும், வீரோ செல்களால் அதைச் சுரக்க முடியாது. அதனால் பலவகை வைரஸும் அதில் செழிப்பாக வளரும், எங்களுக்கு வேலை சுலபம்.

அந்தச் சுலபத்திலேயே ஆபத்தும் இருக்கிறது. 2020ல் மலேரியா மருந்தான குளோரோகுயின் வீரோ செல்களில் கொரோனா வைரஸை அருமையாகத் தடுத்தது. மனித நுரையீரல் செல்களில் சோதித்தபோது தடுக்கவில்லை, ஏனென்றால் அந்த வைரஸ் நுரையீரல் செல்லுக்குள் நுழையும் வழியே வேறு. அதன் உறவான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், பிரிட்டனில் நடந்த ரெக்கவரி என்ற பெரிய சோதனையில் மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளின் இறப்பைக் குறைக்கவில்லை. அதற்குள் எத்தனை பேர் கடை கடையாக ஏறி அந்த மாத்திரையை வாங்கி வைத்தார்கள் என்பது உன் வீட்டிலேயே கேட்டால் சொல்வார்கள்.

கேள்வி: சமையல் வேலைக்குப் போகிறவள் நான். குழம்புக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்துதான் பன்றிக்காய்ச்சல் மாத்திரை செய்கிறார்களாமே, அப்படியானால் சளி பிடித்தால் இரண்டு பூ கூடப் போடலாமா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பாதி உண்மை அம்மா. டாமிஃப்ளூ என்று சொல்கிறார்களே, ஒசல்டாமிவிர், 1999ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, அதைச் செய்யத் தொடக்கப் பொருள் ஷிகிமிக் அமிலம். அது அன்னாசிப்பூவில் நிறைய இருக்கிறது. 2005 வாக்கில் பறவைக்காய்ச்சல் பயம் வந்தபோது அன்னாசிப்பூவுக்கு உலகம் முழுக்கக் கிராக்கி ஏறியது இதனால்தான். இப்போது பாக்டீரியாவை வைத்தும் அதே அமிலத்தைத் தயாரிக்கிறார்கள்.

ஆனால் ஷிகிமிக் அமிலம் மருந்து இல்லை. அதைப் படிப்படியாகப் பல வேதிமாற்றம் செய்து முடித்த பிறகு கிடைக்கும் பொருள்தான், காய்ச்சல் வைரஸின் நியூராமினிடேஸ் என்ற நொதியில் போய் உட்கார்ந்து, புது வைரஸ்கள் செல்லை விட்டு வெளியேறாமல் கட்டிப்போடுகிறது. செம்மண்ணையும் வீட்டையும் ஒன்று என்று சொல்ல முடியாதல்லவா, அப்படித்தான். குழம்புக்கு எப்போதும் போடுகிற அளவே போடுங்கள், மணம் கெடாமல் இருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். ஷிகிமிக் அமிலத்தை 1885ல் முதன்முதலில் பிரித்தெடுத்தது நம் அன்னாசிப்பூவிலிருந்து இல்லை, ஜப்பானில் ஷிகிமி என்று சொல்லும் அதன் பங்காளிச் செடியிலிருந்து. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் அந்த ஜப்பான் பூ விஷம். முகம் தெரியாத இடத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று மொத்தமாக வாங்காமல், வழக்கமான மளிகைக் கடையிலேயே வாங்குங்கள்.

கேள்வி: தோட்டத்தில் கீழாநெல்லி நிறைய முளைத்திருக்கிறது. மஞ்சள் காமாலைக்குக் கொடுத்துத்தான் எங்கள் ஐயா பேர் வாங்கினார். இதை ஆய்வகத்தில் கொடுத்தால் வைரஸைக் கொல்கிறதா என்று சோதித்துச் சொல்வார்களா?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

கீழாநெல்லியின் கதை எனக்கு மிகவும் பிடித்த கதை, அதே சமயம் நெஞ்சை உறுத்துகிற கதையும்கூட. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கின் குழு, இந்தக் கீழாநெல்லி இனத்தின் சாறு அந்த வைரஸின் பாலிமரேஸ் நொதியை ஆய்வகத்தில் தடுக்கிறது என்று 1987ல் எழுதியது. அடுத்த வருடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவும் பிளம்பெர்க்கும் சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் போயிருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற நாடுகளில் செய்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை.

காரணங்களாகப் பலவற்றைச் சொன்னார்கள், அதில் செடியும் ஒன்று. கீழாநெல்லி என்று நாம் பறிப்பது ஃபில்லாந்தஸ் அமாரஸ். அதோடு யூரினேரியா, மேலாநெல்லி என்று அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் செடிகள் ஒரே வரப்பில் முளைக்கும். பழைய இந்திய நூல்களில் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று எழுதியதில் பெரும்பகுதி உண்மையில் அமாரஸ்தான் என்பதே பின்னால்தான் தெளிவானது. செடி எது என்பதிலேயே தகராறு என்றால் சோதனை முடிவை எதோடு ஒப்பிடுவது?

அதனால் நீங்கள் பையில் கிள்ளிப்போட்டுக் கொண்டுபோகும் இலையை எந்த நல்ல ஆய்வகமும் அப்படியே அரைக்காது. வேர், பூ, காயோடு முழுச் செடியாகப் பிடுங்கி, செய்தித்தாளுக்குள் விரித்து அழுத்திக் காயவைத்து, பறித்த தேதி, இடம், மண் எல்லாம் எழுதி, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்திலோ திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ரேபினாட் ஹெர்பேரியத்திலோ காட்டி இன்னதென்று உறுதி செய்துகொள்வார்கள். அந்தக் காய்ந்த செடி அங்கேயே எண்ணோடு பத்திரமாக இருக்கும். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் போய்ப் பார்க்கலாம். நிழலில் காயவைத்துப் பொடிப்பது, வடிப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான். மாசியில் பறித்ததும் கார்த்திகையில் பறித்ததும் சரக்கில் ஒன்றாக இருக்காது என்பது உங்கள் ஐயாவுக்குத் தெரிந்திருக்கும்.

தனி ஆளாக நீங்கள் கொடுத்தால் சோதிப்பது கஷ்டம், பல்கலைக்கழக ஆசிரியர் யாராவது ஆய்வாக எடுத்துக்கொண்டால்தான் நடக்கும். வெளிநாட்டு நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு யாராவது செடி கேட்டு வந்தால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 2002ஆம் வருடச் சட்டப்படி அதற்குத் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும், அதன் அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. காமாலைக்கு மட்டும் வீட்டு வைத்தியத்தோடு நிறுத்தாமல், அது எந்த வகை என்று ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே சரியாகும், பி சிலருக்கு உடம்பிலேயே தங்கி நாட்பட்ட நோயாகிவிடும்.

கேள்வி: கடுக்காய், ஆவாரம்பட்டை, மாதுளைத் தோல், எதைச் சோதித்தாலும் எல்லா வைரஸுக்கும் பலன் காட்டுகிறதே, இவைதான் உண்மையான சர்வரோக நிவாரணியா?
– ஆய்வு மாணவர், திருப்பத்தூர்

எல்லாவற்றுக்கும் பலன் காட்டுகிறது என்றதுமே சந்தேகப்பட வேண்டும். நீங்கள் சொன்ன மூன்றிலும் பொதுவாக இருப்பது டானின், நம் நாக்கு கண்டுபிடிக்கிற துவர்ப்பு. கடுக்காயைக் கடித்தால் வாய் வறண்டு இழுக்கிறதே, அது எச்சிலில் உள்ள புரதத்தை டானின் பிடித்துத் திரளவைப்பது. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டதும் இதனால்தான். நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்ப்பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்த கொத்தனார்களுக்கு, டானின் என்ற பெயர் தெரியாவிட்டாலும் அதன் பிடிப்பு தெரிந்திருந்தது.

வைரஸின் மேலே இருப்பதும் புரதம்தான். சாற்றையும் வைரஸையும் ஒன்றாகக் கலந்தால் டானின் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், பொட்டு விழாது. ரத்தத்தில் போனால் அங்கே வைரஸை விடப் பல மடங்கு புரதம் காத்திருக்கிறது, முதலில் அதைத்தான் பிடிக்கும். பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. சாற்றை ஒரு தட்டில் வைரஸோடு கலந்தும், ஒன்றில் வைரஸ் விடுவதற்கு முன்பும், ஒன்றில் வைரஸ் செல்லுக்குள் போய் வெளியே கழுவியெடுத்த பிறகும் சேருங்கள். மூன்றாவதிலும் குறைந்தால் செல்லுக்குள் ஏதோ நடக்கிறது, அதுதான் துரத்த வேண்டிய சாறு. டானினைப் பிடித்துக்கொள்ளும் பாலிஅமைடு என்ற பொருள் வழியாக விட்டு டானினை எடுத்துவிட்டு இன்னொரு முறை சோதியுங்கள். கலந்தபோது மட்டும் பலன் என்றாலும் தூக்கிப்போட வேண்டாம், தொண்டை கொப்பளிக்கவோ தோலில் பூசவோ உதவலாம், ஆனால் அதை அப்படியே எழுதுங்கள்.

கேள்வி: மூன்று வருடமாக ஆறு செடிகளைச் சோதித்துவிட்டேன், எதிலும் பலன் இல்லை. பலன் இல்லாததை எழுத வேண்டாம் என்கிறார்கள். அழுகையாக வருகிறது.
– ஆய்வு மாணவி, சிவகங்கை

உங்கள் வயதில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். புளிச்சக்கீரைச் சாறு விட்ட குழியில் ஒரு பொட்டுகூட இல்லை. அன்றைக்கு நான் சாப்பிடவே போகவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஒரு வாரம் கழித்து மூத்தவர் ஒருவர் தட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "திரவம் ஏன்ப்பா மஞ்சளா இருக்கு?" என்று கேட்டார். செல்களை வளர்க்கும் திரவம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், புளிப்பு ஏறினால்தான் மஞ்சளாகும், நான் அதைச் சாற்றின் நிறம் என்று நினைத்துவிட்டேன். புளிப்பைச் சமன் செய்து, பி.எச். 7.4க்குக் கொண்டுவந்து மறுபடி சோதித்தேன். பொட்டுகள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. அந்தத் தட்டை எண்ணி முடித்தபோது எனக்கும் அழுகைதான் வந்தது.

எழுதுங்கள். ஆறு செடியின் பெயர், ஹெர்பேரியம் எண், எந்த மாதம் எங்கே பறித்தது, தண்ணீரா எத்தனாலா, எந்தச் செல், எந்த வைரஸ், எவ்வளவு அளவு வரை போய்ப் பார்த்தீர்கள், ஒப்பீட்டு மருந்து அதே தட்டில் சரியாக வேலை செய்ததா, எல்லாம். அந்த ஒப்பீட்டுக் குழி சரியாக இருந்தால் உங்கள் 'இல்லை' ஒரு உறுதியான பதில். ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமாகச் சேர்க்க எந்த விதியும் தடுக்காது, பலன் இல்லாத முடிவுகளை ஏற்கும் ஆய்விதழ்களும் இருக்கின்றன. ஆறில் நொச்சியும் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் இதழ் முகவரிக்கு எனக்கு அனுப்புங்கள், நானும் நொச்சியில் எட்டு மாதம் கழித்து ஒன்றும் கிடைக்காமல் வைத்திருக்கிறேன், இரண்டு பேர் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.